வில்ஸ்டன் கிரீன் நிலையத்தில் கேமராவிடம் கேட்ட 11 கேள்விகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டன் சுரங்க ரயிலின் ஜூபிலி தடத்தில், நகரின் வடமேற்கே இருக்கிறது வில்ஸ்டன் கிரீன் நிலையம். 1879-இல் திறந்தது. கோவிட் பரவலுக்கு முன் நாளொன்றுக்கு 25,000 பேர் வரை வந்துபோன இடம். 2022 அக்டோபர் முதல் 2023 செப்டம்பர் முடிய, அந்நகரின் போக்குவரத்து நிறுவனமான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் இங்கே ஒரு சோதனை நடத்தியது. நிலையத்தின் சிசிடிவி நேரலைப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளோடு இணைத்து, 11 அல்காரிதங்களை அதன்மேல் ஓடவிட்டார்கள். யாராவது தண்டவாளத்தில் இறங்குகிறாரா, நடைமேடை ஓரத்து மஞ்சள் கோட்டைத் தாண்டுகிறாரா, சக்கர நாற்காலியில் யாராவது வருகிறாரா, இருக்கையில் நெடுநேரமாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா, கையில் ஆயுதம் உண்டா, பயணச்சீட்டு இல்லாமல் தடுப்பைக் கடக்கிறாரா என்று அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி.

தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட ஆவணங்கள் 2024 பிப்ரவரியில் பத்திரிகையில் வெளியான பிறகுதான், அந்த ஓராண்டில் நடந்தவை முழுதாக வெளியே தெரிந்தன. அன்றாடப் பயணத்தில் அந்தரங்கம் எந்த இடத்தில் கைநழுவுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பொது ஆவணங்கள் குறைவு. முகம் அடையாளம் காணும் தொழில்நுட்பம் இதில் பயன்படுத்தப்படவில்லை. அதனால்தான் இந்த நிகழ்வு கூடுதல் கவனத்துக்கு உரியது என்கிறோம். அந்தத் தொழில்நுட்பம் இல்லாமலேயே ஒரு நிலையம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இங்கே பார்க்கலாம்.

மென்பொருள் என்ன செய்கிறது

இவ்வகை அமைப்புகள் பொதுவாக ஒரே முறையில் இயங்குகின்றன. கேமராவின் படத்தொடரிலிருந்து நொடிக்குச் சில சட்டகங்களை (தனித்தனி நிலைப்படங்களை) எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆள், குழந்தை வண்டி, மிதிவண்டி என்று இனம்பிரித்துச் சுற்றிலும் கட்டம் போடும். அடுத்த சட்டகத்தில் அந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது என்று பின்தொடரும். பிறகு, காட்சியின் மேல் முன்கூட்டியே வரைந்துவைத்த கோடுகளோடும் எல்லைகளோடும் ஒப்பிடும். கோட்டைத் தாண்டினாலோ, எல்லைக்குள் குறித்த நேரத்துக்கு மேல் இருந்தாலோ எச்சரிக்கை கிளம்பும்.

அப்படியானால் புதிய கேள்வி ஒன்றைச் சேர்க்க ஏணியும் கம்பியும் தேவையில்லை. திரையில் ஒரு கோடு வரைந்து, நேர வரம்பு ஒன்றைக் குறித்தால் முடிந்தது. பயணியின் கண்ணுக்கு, நேற்றுத் தொங்கிய அதே கேமராதான் இன்றும் தொங்குகிறது. சோதனைக் காலத்தில், இப்படி ஒன்று நடக்கிறது என்று சொல்லும் அறிவிப்புப் பலகை எதுவும் அந்த நிலையத்தில் இல்லை. இதே நிறுவனம் 2016 இறுதியில் 54 நிலையங்களில் கைபேசிகளின் வைஃபை சமிக்ஞையைக் கொண்டு பயணப் பாதைகளை ஆராய்ந்தபோது, அறிவிப்பு ஒட்டி, வேண்டாதவர்கள் வைஃபையை அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. அதாவது அறிவிப்பு வைக்கும் வழக்கம் அவர்களுக்குப் புதிதல்ல.

வன்முறையைக் கண்டறியும் முயற்சி தடுமாறியது. அதைக் கற்றுக்கொடுக்கப் போதுமான மாதிரிப் படங்கள் கிடைக்கவில்லை. எனவே மூர்க்கமான நடத்தையோடு சேர்ந்து வரும் ஓர் அசைவாக, உயர்த்திய கைகளைக் கண்டறியும்படி அமைத்தார்கள். ஆயுதத்துக்காக, நிலையம் மூடியிருந்த வேளையில் காவல்துறை அதிகாரி ஒருவர் வெட்டுக்கத்தியையும் கைத்துப்பாக்கியையும் கேமராவுக்கு முன் காட்டி மாதிரிப் படங்கள் தந்தார். தேடுவது கிடைக்காதபோது அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறொன்றைத் தேடுவது இத்துறையில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் கைதூக்குபவரில் பெரும்பாலோர் தோழியை அழைப்பவரோ, கைப்பிடியைப் பற்றுபவரோ, தோளில் இருக்கும் பிள்ளையைப் பிடிப்பவரோதான். மாற்று அறிகுறி ஒன்றைத் தேர்ந்ததும், அது சாதாரணமாக எத்தனை பேரிடம் தென்படும் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எச்சரிக்கையை இயக்க வேண்டும்.

எச்சரிக்கைகளின் கணக்கு

ஓராண்டில் 44,000-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் கிளம்பின. அவற்றில் 19,000 மட்டுமே அந்த நொடியிலேயே ஊழியர்களின் கைக்குப் போயின. மொத்தத்தில் 26,000 கட்டண ஏய்ப்பு தொடர்பானவை. மஞ்சள் கோட்டைத் தாண்டியவை ஏறக்குறைய 2,200. தண்டவாளத்தின் பக்கம் குனிந்து எட்டிப்பார்த்தவை 39. இருக்கையில் நெடுநேரம் உட்கார்ந்தவை ஏறக்குறைய 2,000. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் பற்றியவை 59. அந்த நிலையத்தில் சக்கர நாற்காலிக்கான வசதிகள் கிடையாது என்பதால், உதவி தேவைப்பட்டவர்கள் அவர்கள்.

நூற்றுக்கு 59 எச்சரிக்கைகள் கட்டணத்தைப் பற்றியவை. மஞ்சள் கோடு நூற்றுக்கு 5. சக்கர நாற்காலி ஆயிரத்துக்கு ஒன்றரைக்கும் குறைவு. கட்டணக் கேள்வியும் பட்டியலில் வெளிப்படையாகவே இருந்தது.  என்றாலும் பாதுகாப்பு என்ற பெயரில் பேசப்படும் ஓர் அமைப்பின் பெரும்பங்கு உழைப்பு வருவாயைக் காப்பதில் செலவானது என்பதை இந்தப் பங்கீடு காட்டுகிறது. எந்தக் கண்காணிப்பு அமைப்பை மதிப்பிட்டாலும் நோக்க அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் எச்சரிக்கைகளை வகைவாரியாக எண்ணுங்கள்.

மஞ்சள் கோட்டுக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். சோதனைக் காலத்தில் ஊழியர்களின் ஒலிபெருக்கி அறிவிப்புகள் பெருமளவு கூடின. கோட்டைவிட்டு விலகி நிற்கச் சொன்னவை அவற்றில் பல. இந்தப் பயன்பாட்டுக்கு முகம் தேவைப்படவில்லை, பெயர் தேவைப்படவில்லை, படத்தைச் சேமிக்கவும் தேவைப்படவில்லை. 'இரண்டாம் நடைமேடை, வடக்கு முனை, கோட்டைத் தாண்டி ஒருவர்' என்ற ஒரு வரி போதும். சக்கர நாற்காலிக்கும் இதே கதைதான். உயிரையும் உடலையும் காக்கும் கேள்விகள் பெரும்பாலும் அடையாளம் கேட்பதில்லை. யாரென்று தெரிந்தே ஆக வேண்டும் என்று கேட்டது கட்டணக் கேள்வி.

இருக்கைக் கேள்வி இவ்வளவு எளிதாகப் பிரியாது. மனமுடைந்து உட்கார்ந்திருப்பவரை நேரத்தோடு கவனித்தால் ஓர் உயிர் மிஞ்சலாம். அதே நேர வரம்பில் மூட்டுவலிக்காரரும், போக இடமில்லாதவரும் சிக்குவார்கள். எங்கள் கருத்தில் இந்த எச்சரிக்கை ஒரு மனிதர் நேரில் போய் 'உதவி வேண்டுமா?' என்று கேட்பதோடு முடிய வேண்டும். பதிவேட்டுக்குள் போகக் கூடாது.

மனிதர் விலகிய இடம்

கட்டண ஏய்ப்பு எச்சரிக்கை வந்தால் ஊழியர் உடனே போய்ப் பார்ப்பார் என்பதே முதல் திட்டம். சில நாட்களில் 300-க்கும் மேல் வந்தன. நாளுக்கு 20 மணி நேர இயக்கம் என்று வைத்தால் 4 நிமிடத்துக்கு ஒன்று. ஒரு நிலையத்தின் ஊழியர்கள் எத்தனை பேரானாலும் இதைத் தாங்க முடியாது. எனவே எச்சரிக்கைகளின் எண்ணிக்கையையும், கண்டறிதல் துல்லியமாக இருப்பதையும் காரணம் காட்டி, அவற்றை அமைப்பு தானாகவே 'பார்த்தாயிற்று' என்று குறித்துக்கொள்ளும்படி மாற்றினார்கள்.

இந்த மாற்றம் ஆவணத்தில் ஒரு வரி. ஆனால் அதன்பின், பிழையான எச்சரிக்கையை அந்த இடத்திலேயே நிராகரிக்க ஆளில்லை. பிழைகள் இருந்தன: பெற்றோரின் பின்னால் தடுப்பைக் கடந்த குழந்தைகளைக் கட்டண ஏய்ப்பாளர்களாகச் சந்தேகித்தது, மடக்கு மிதிவண்டிக்கும் சாதாரண மிதிவண்டிக்கும் வேறுபாடு தெரியாமல் திணறியது. நேரில் நிற்கும் ஊழியர் ஒரு நொடியில் ஒதுக்கிவிடும் பிழைகள் இவை. பதிவில் தங்கிவிட்டால் எண்ணிக்கையாகி, பிறகு புள்ளிவிவரமாகிவிடும்.

துல்லியம் என்ற சொல்லைக் கேட்டதும் எத்தனை பேரில் என்று கேட்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, நாளுக்கு 25,000 பேர் கடக்கும் தடுப்பில் ஆயிரத்தில் ஒருவரை மட்டும் தவறாகப் பிடிக்கும் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 25 பேர், ஆண்டுக்கு 9,000-க்கும் மேல். 2017 ஜூனில் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியன்று சவுத் வேல்ஸ் காவல்துறை முக அடையாள அமைப்பைப் பயன்படுத்தியது. வந்த 2,470 பொருத்தங்களில் 2,297 தவறு. தேடப்படுபவர் கூட்டத்தில் ஊசிமுனை அளவே இருக்கும்போது, நல்ல அமைப்பும் பெரும்பாலும் தவறானவரையே காட்டும்.

ஆறாம் மாதம்

தொடக்கத்தில் முகங்கள் மங்கலாக்கப்பட்டன. பதிவுகள் அதிகபட்சம் 14 நாட்கள் இருக்கும் என்பது ஏற்பாடு. ஆறு மாதம் கழித்து, கட்டணம் செலுத்தவில்லை என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் முகங்களில் மங்கலை நீக்க முடிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளை 14 நாட்களுக்கு மேலும் வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஆய்வின் மையம் இதுதான். மங்கலாக்கம் எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். கேமராவுக்குள்ளேயே படம் வெளியேறும் முன் மறைத்தால், தெளிவான படம் எங்குமே இருக்காது. சர்வரில் மறைத்துச் சேமித்தால், சர்வருக்கு வரும் வழியில் தெளிவான படம் இருக்கும்; அதை எடுத்துவைக்கவும் முடியும். தெளிவாகச் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் மறைத்தால், அது அனுமதிப் பட்டியலில் உள்ள ஒரு குறி. விற்பனையாளர் மூன்றையும் 'முகம் மறைக்கப்படும்' என்ற ஒரே சொற்றொடரால் சொல்வார். வாங்குபவர் கேட்க வேண்டியது: இதை நீக்க யாரால் முடியும், நீக்கினால் எந்தப் பதிவேட்டில் தெரியும், பழைய பதிவுகளிலும் நீங்குமா, இனி வருபவற்றில் மட்டுமா?

எதைக் கொண்டு மறைக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2016-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம், கார்னெல் டெக் ஆய்வாளர்கள், கண்ணுக்குப் புரியாத அளவு மங்கலாக்கிய, கட்டம்கட்டமாகச் சிதைத்த முகங்களையும் படங்களைப் பார்த்துக் கற்கும் மென்பொருளான நரம்பியல் வலைப்பின்னல்களால் கணிசமாக அடையாளம் காண முடிவதைக் காட்டினார்கள். பாதுகாப்பானது ஒரே நிறத்தால் முழுதாக நிரப்புவது. அதிலும் உடை, பை, நடை, நேரம் மிஞ்சும்.

முன்னால் போனவர்

பேசப்படாத ஒருவர் இங்கே இருக்கிறார். கட்டண ஏய்ப்பில் வழக்கமான ஒரு வகை, பணம் செலுத்தியவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு தடுப்பைக் கடப்பது. அந்தக் காட்சித் துணுக்கில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் ஏய்த்தவர், மற்றவர் முறையாக அட்டையைத் தொட்டவர். ஏய்த்தவருக்கு அட்டைப் பதிவு கிடையாது. அந்த நொடியில் அந்தத் தடுப்பில் பதிவான அட்டை, குற்றமில்லாதவருடையது. முகத்தைத் தெளிவாக்கினால் இருவர் முகமும் தெரியும். நேரத்தைக் கொண்டு அட்டைப் பதிவோடு இணைத்தால் பெயர் கிடைப்பது பணம் கட்டியவருக்குத்தான். அப்படி இணைத்தார்கள் என்று இந்த நிகழ்வின் ஆவணங்கள் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தரவும் ஒரே நிறுவனத்திடம் இருக்கும் எந்த இடத்திலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. தாக்க மதிப்பீட்டில், அதாவது ஓர் அமைப்பு மக்களின் தரவுக்கு என்ன ஆபத்து தரும் என்று முன்கூட்டியே எழுதும் ஆவணத்தில், முதலில் எழுத வேண்டியது இந்த முன்னால் போனவரைப் பற்றி.

நேரமும் இடமும் சேர்ந்தால் எவ்வளவு வலிமை என்பதை மெல்போர்ன் காட்டியது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பொதுப் போக்குவரத்து அமைப்பு, 'மைக்கி' பயண அட்டைகளின் மூன்றாண்டுத் தொடுபதிவுகளைத் தரவுப் போட்டி ஒன்றுக்குத் தந்தது. 1.5 கோடிக்கும் அதிகமான அட்டைகள். பெயர் இல்லை, அட்டை எண்ணும் மாற்றப்பட்டிருந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்களுக்கு நினைவிருந்த ஓரிரு பயணங்களின் நேரத்தைக் கொண்டே தங்கள் அட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். உடன் பயணித்த ஒருவரின் அட்டையையும், சமூக ஊடகத்தில் தன் ரயில் பயணங்களைக் குறிப்பிட்டிருந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடையதையும் கண்டார்கள். 2019-இல் மாநிலத் தகவல் ஆணையர், இது தனியுரிமைச் சட்டத்தை மீறியது என்று முடிவு சொன்னார். மங்கலாக்கிய முகத்தின் கீழ் நொடி துல்லியத்தில் நேரம் அச்சாகியிருந்தால், அந்த முகம் பாதி மறைந்த முகம்தான்.

பிக்சல் கணக்கு

ஒரு கேமரா யாரென்று காட்டுமா, யாரோ என்று மட்டும் காட்டுமா என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு, காட்சியில் ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று அளக்கிறது. ஆள் இருப்பதைக் கண்டறிய 25, உடை முதலிய விவரங்களைக் கவனிக்க 62.5, ஏற்கெனவே தெரிந்தவரா என்று அறிய 125, அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண 250. படத்தின் பிக்சல் அகலத்தைக் காட்சியின் மீட்டர் அகலத்தால் வகுத்தால் விடை.

1920 பிக்சல் அகலக் கேமரா 7.68 மீட்டர் அகலம் வரை அடையாளம் காட்டும். 3840 பிக்சல் என்றால் 15.36 மீட்டர். தடுப்பு வரிசை 6 மீட்டர் அகலம் என்று கொண்டால், சாதாரண 1920 கேமராவே மீட்டருக்கு 320 பிக்சல் தரும்; அங்கே கடக்கும் ஒவ்வொரு முகமும் அடையாளத் தரத்தில் பதிவாகிறது. தடுப்பை எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்று எண்ண அது தேவையே இல்லை. பல கேமராக்கள் சிறிய இரண்டாம் படத்தொடர் ஒன்றையும் தரும். அதை 640 பிக்சல் அகலத்தில் அமைத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் மீட்டருக்கு 107 பிக்சல் விழும். அசைவு தெரியும்; தெரிந்தவர் முகத்தைக்கூட அறிவதற்கான வரம்புக்கும் கீழே நிற்கும். லென்ஸுக்கு மிக அருகில் வருபவர்மேல் கூடுதல் பிக்சல் விழும் என்பதால், மிக அருகில் கடக்கும் இடத்தின் அகலத்தை வைத்தே கணக்கிட வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நடுக்காட்சியின் அகலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

யார் முடிவு செய்தது

கார்டிஃப் அமைப்பை எதிர்த்த பிரிட்ஜஸ் வழக்கில் 2020 ஆகஸ்ட் 11-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், யாரைத் தேடுவது, எங்கே வைப்பது என்ற இரண்டும் காவல்துறையின் விருப்பத்துக்கு மிகையாக விடப்பட்டிருந்தன என்று கண்டது. தரவுப் பாதுகாப்பு தாக்க மதிப்பீடு குறையுடையது என்றும் தீர்ப்பளித்தது. அது முக அடையாளம் பற்றிய வழக்கு; வில்ஸ்டன் கிரீனுக்கு நேரே பொருந்தாது. ஆனால் அதில் எழுந்த கேள்வி இங்கேயும் எழுகிறது: மங்கலை நீக்கும் அதிகாரம் யாருடைய விருப்பத்தில் இருந்தது?

பிரேசிலில் சாவோ பாலோ மெட்ரோவின் நான்காம் தடத்தை நடத்தும் நிறுவனம் 2018-இல் நடைமேடைக் கதவுகளில் விளம்பரத் திரைகளை மாட்டி, பார்ப்பவரின் வயது, பாலினம், முகபாவம் ஆகியவற்றைக் கேமராவால் கணித்தது. நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. ஆட்களை அடையாளம் காணவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அதே ஆண்டு கேமராக்களை நிறுத்தச் சொன்ன நீதிமன்றம், 2021-இல் ஒரு லட்சம் ரியால் இழப்பீடு விதித்தது. ரயிலுக்கு நிற்பவர் வேறெங்கும் போய் நிற்க முடியாது. பயணத்தில் ஒப்புதல் என்ற சொல்லுக்கு வலு குறைவதற்குக் காரணம் இதுதான்.

நடைமுறையில் நாங்கள் பரிந்துரைப்பது: ஒவ்வொரு கேள்விக்கும் தனித் தாக்க மதிப்பீடு, தனி அழிப்பு நாள். மங்கல் நீக்கம், காலநீட்டிப்பு, எச்சரிக்கையைத் தானாகவே 'பார்த்தாயிற்று' என்று குறிக்கும் தானியங்கி ஒப்புகை இம்மூன்றில் எது மாறினாலும் மாற்றுமுன் புதிய மதிப்பீடு. மங்கலை நீக்க இரு வேறு துறையினரின் கடவுச்சொல். அட்டைத் தரவுக்கும் காட்சித் தரவுக்கும் வெவ்வேறு பொறுப்பாளர். அறிவிப்புப் பலகையில் 'சிசிடிவி இயங்குகிறது' என்பதோடு நின்றுவிடாமல், மென்பொருள் எதையெதைத் தேடுகிறது என்றும் எழுத வேண்டும்.

பயணி செய்யக்கூடியது

தொப்பியும் முகக்கவசமும் இங்கே பயன்படா. கோடு தாண்டும் கேள்விக்கு உருவமே போதும். எழுத்தில் கேட்பதே பயன்தரும் வழி. பிரித்தானியச் சட்டப்படி உங்களைப் பற்றிய பதிவைக் கட்டணமின்றிக் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம். தேதி, கால்மணி நேரத்துக்குள்ளான இடைவெளி, எந்த வாயில், எந்தத் திசை, உடையின் நிறம், கையிலிருந்த பை ஆகியவற்றை எழுதி, அடையாளம் காண ஒரு படத்தையும் இணைக்க வேண்டும். தேதி தெரியாமல் 'கடந்த மாதம்' என்று எழுதினால் தேட இயலாது என்று திரும்பிவிடும். மற்றவர் முகங்களை மறைத்துத் தருவார்கள்.

படத்தை மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். என்னைப் பற்றித் தானியங்கி எச்சரிக்கை ஏதும் பதிவானதா, எந்த வகையில், மனிதர் யாரேனும் அதைச் சரிபார்த்தாரா, முகம் மங்கலாக உள்ளதா, எந்தத் தேதியில் அழியும், யாருக்குக் கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். அமைப்பைப் பற்றிய தாக்க மதிப்பீட்டைத் தனியே தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம். பதிலுக்கு 20 வேலை நாள். 14 நாளில் படம் அழியும் இடத்தில் விண்ணப்பம் முதல் வாரத்திலேயே போக வேண்டும். படம் அழிந்துவிட்டது என்று பதில் வந்தால், எச்சரிக்கைப் பதிவின் நேரமும் வகையும் இன்னும் இருக்கிறதா என்று மறுபடி எழுதுங்கள். படத்துக்கும் எச்சரிக்கைப் பதிவுக்கும் அழிப்பு நாள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.